ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது

எண்பதுகளில் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த யாரிடமாவது, முதல் சிநேகிதி எப்படிக் கிடைத்தாள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்தபோதே எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸில் அவள் இருந்தாள், அவ்வளவுதான். 1928 வாக்கில் ரயில்வே பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். அதை ஒட்டித் தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள். ஒரே மாதிரி வாசல், ஒரே சம்பளத் தேதி, ஊருக்கே ஒரு சங்கு. சாயங்காலச் சங்கு ஊதியதும் அப்பாக்கள் கூட்டமாகச் சைக்கிளில் திரும்புவார்கள். அந்தக் கூட்டம் கடந்த பிறகு தெரு எங்களுடையது. தெலுங்கு பேசும் வீடு, மலையாளம் பேசும் வீடு, ஆங்கிலோ இந்தியர் வீடு எல்லாம் கலந்திருந்த அந்தத் தெருவில், எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு சேர வேண்டும் என்று எந்தப் பெரியவரும் திட்டம் போட்டதில்லை.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. சென்னையில் மேடவாக்கம் தாண்டி, பல நூறு வீடுகள் அடுக்கிய ஒரு குடியிருப்பில் இருக்கிறோம். லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அவள் வயதுப் பிள்ளை ஒன்று கண்ணில் படும். என் தெருவில் இருந்ததைவிடப் பல மடங்கு பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். இருந்தும் அவர்களில் இருவர் ஒரு மாலை சேர்ந்து விளையாட, இரண்டு அம்மாக்கள் முந்தின நாளே வாட்ஸப்பில் பேசி நேரம் குறிக்க வேண்டியிருக்கிறது. செவ்வாய், வியாழன் இவளுக்குச் சிலம்பம். திங்கள், புதன் அந்தப் பிள்ளைக்குக் கீபோர்டு, ஹிந்தி டியூஷன். சனிக்கிழமை அபாகஸ். வெள்ளிக்கிழமை இருவருக்கும் ஒழிந்தால், அடுத்த நாள் ஏதாவது டெஸ்ட் இருக்கும்.

பள்ளித் தோழிகள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். ஒருத்தி தாம்பரம், ஒருத்தி வேளச்சேரி, ஒருத்தி பள்ளிக்கரணை. மணியடித்ததும் ஆளுக்கொரு வேனில் ஏறிப் போய்விடுவார்கள். பொன்மலையில் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் தெருவில் பாண்டி ஆடினாள், மாதா கோயில் தேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரே ஆளை ஒரு நாளில் மூன்று இடத்தில் பார்த்தோம். என் மகளுக்கு வகுப்பில் ஒரு கூட்டம், சிலம்பத்தில் ஒரு கூட்டம், குடியிருப்பில் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தைத் தெரியாது. இது போதாதென்று பல பள்ளிகளில் ஆண்டுதோறும் செக்ஷனைக் கலைத்துப் போடுகிறார்கள். பிள்ளைகள் எல்லாரோடும் பழகட்டும் என்பது சொல்லும் காரணம். ஜூன் மாதம் புதுசாகப் பழக ஆரம்பித்து, பொங்கலுக்குள் நெருக்கமாகி, ஏப்ரலில் பிரிந்துவிட வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு நெருங்கவே பொங்கல் ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளையைப் பற்றி யாராவது யோசித்திருப்பார்களா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

"அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் யாரு மெனக்கெட்டா? தானா வந்துது" என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மெனக்கெட்டார்கள். செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளாமல் செய்தார்கள்.

என் அம்மாவையே எடுத்துக்கொள்கிறேன். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசல் கதவு சாத்தியே நான் பார்த்ததில்லை. வாசலுக்கு உள்ளே மண்பானை, அதன் மேல் தட்டு, தட்டின் மேல் ஒரு டம்ளர். அந்த டம்ளர் தெருப் பிள்ளைகளுக்கு. யார் வேண்டுமானாலும் ஓடிவந்து மொண்டு குடித்துவிட்டு ஓடலாம். முறுக்குச் சுட்டால் எங்கள் வீட்டுத் தலைகளை எண்ணிச் சுட்டதில்லை. அரைப் பரீட்சை லீவில் நான் தனியாக உட்கார்ந்திருந்தால், "அத்தை வீட்டுல போய்க் கறிவேப்பிலை வாங்கிட்டு வா" என்பாள். எங்கள் கொல்லையிலேயே கறிவேப்பிலைக் கன்று இருந்தது. அத்தை என்றது எதிர்வீட்டு அம்மாவை. அங்கேதான் என் சிநேகிதி இருந்தாள். நான் திரும்பி வர இருட்டிவிடும். கறிவேப்பிலை எங்கே என்று அம்மா கேட்டதே இல்லை.

ஆட்டங்களுக்குள்ளேயே பெரிய ஏற்பாடுகள் இருந்தன. அவற்றை யார் உருவாக்கினார்களோ, அவர்கள் பிள்ளைகளின் மனசைக் கரைத்துக் குடித்தவர்கள். உத்தி பிரிப்பதைச் சொல்கிறேன். இரண்டு பேர் தலைவர்களாக ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர வேண்டும். ஓட்டத்தில், பலத்தில் கிட்டத்தட்டச் சமமான இருவர்தான் ஜோடி. தோளில் கை போட்டுக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி மாம்பழம், ஒருத்தி பலாப்பழம். திரும்பி வந்து தலைவர்களிடம் கேட்பார்கள்: மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா? எந்தப் பெயருக்குள் எந்த ஆள் என்று தலைவருக்குத் தெரியாது. பெயரைச் சொன்னதும் அந்த ஆள் அந்தப் பக்கம், மற்றவள் இந்தப் பக்கம். இரண்டு அணியும் சமமாக அமைந்துவிடும். யாருக்கும் வேண்டாதவளாகக் கடைசியில் ஒருத்தி நிற்கும் நிலையே வராது.

என் மகள் பள்ளியில் பி.டி. பீரியடில் இரண்டு கேப்டன்கள் பெயர் சொல்லி ஒவ்வொருவராக எடுக்கிறார்கள். கணக்கு டீச்சர் போர்ஷன் முடிக்க அந்தப் பீரியடை வாங்கிக்கொள்ளாத வாரங்களில் இது நடக்கிறது. எடுக்க எடுக்கக் கூட்டம் குறைந்து, கடைசியில் இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இருவரும் பெரும்பாலும் எல்லா வாரமும் அதே இருவர்தான் என்று மகள் சொன்னாள். ஒரு வகுப்பு முழுவதும் பார்க்க, ஒரு பிள்ளைக்கு உன் விலை இவ்வளவுதான் என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான வழி கிடையாது. உத்தி பிரிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் பி.டி. மாஸ்டரிடம் கேட்டேன். அவர் கிராமத்துக்காரர். முகம் மலர்ந்து, "எங்க ஊர்ல நாங்களும் அப்படித்தாங்க பிரிப்போம்" என்றார். அடுத்த வாரமே செய்துபார்த்தார்.

இன்னொன்று ஒப்புக்குச் சப்பாணி. யாருடைய தம்பியோ தங்கையோ, நாலு வயது, அழுதுகொண்டு ஆட்டத்துக்கு வரும். விரட்டக் கூடாது. ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அது ஓடும், ஒளியும், கத்தும். பிடிபட்டால் அவுட் கிடையாது. அதற்கே தெரியாமல் எல்லாரும் அதைக் காப்பாற்றிக்கொண்டு விளையாடுவோம். ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு விதிமுறையெல்லாம் பாடமாகி, "இனிமே நானும் அவுட்டு" என்று ரோஷத்தோடு சொல்லும் நாள் வரும். கலப்பு வயதில் விளையாடியதால் இது நடந்தது. இன்றைக்கு எல்லா வகுப்பும் கோடைப் பயிற்சியும் வயது வாரியாகப் பிரிந்திருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளைகளையே பார்க்கிறது. விட்டுக்கொடுக்க ஒரு சின்னதும் இல்லை, சண்டையை விலக்கிவிட ஒரு பெரியதும் இல்லை.

சண்டை என்றால் எங்களுக்குக் காய் விடுவதுதான். சுண்டு விரலை நீட்டிக் காய் விட்டால் பேச்சு நின்றுபோகும். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினால் பழம். நடுவில் தூது போக எப்போதும் ஒருத்தி இருப்பாள். "அவ பழம் விடத் தயாராம், நீ முதல்ல வரணுமாம்" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பாள். அம்மாவிடம் போய் அழுதால், "சரி, நாளைக்குப் பேசிக்குவீங்க, முகத்தக் கழுவு" என்ற ஒரே தீர்ப்பு. பழம் விட்ட அன்று காக்காய் கடி உண்டு. கமர்கட்டைப் பாவாடை ஓரத்தில் வைத்து மடித்து, துணிக்கு மேலே கடைவாய்ப் பல்லால் ஒரே கடி. உள்ளே இரண்டாகத் தெறிக்கும். துணிமேல் கடித்தால் எச்சில் கிடையாது என்பது சட்டம். பெரிய துண்டு யாருக்கு என்பதில்தான் சமாதானம் எவ்வளவு உறுதியானது என்று தெரியும்.

எங்கள் குடியிருப்பில் போன வருஷம் இரண்டு சிறுமிகளுக்குள் ஒரு சைக்கிளை முன்னிட்டு மனஸ்தாபம் வந்தது. அன்று இரவே ஒரு அம்மா வாட்ஸப் குழுவில் எழுதினார். இன்னொரு அம்மா பதில் எழுதினார். அப்பாக்கள் சேர்ந்துகொண்டார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் தலையிட்டார். பிள்ளைகள் இருவரும் மூன்றாம் நாள் அதே சைக்கிளில் ஒருத்தி ஓட்ட ஒருத்தி பின்னால் உட்கார்ந்து போனார்கள். அம்மாக்கள் இன்றுவரை லிஃப்டில் பேசிக்கொள்வதில்லை. அதனால் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போவதில்லை. கீழே நின்று பேசிவிட்டுத் தனித்தனியாக ஏறிப் போகிறார்கள். அடி, அவமானம், தொடர்ந்து ஒதுக்கிவைப்பது என்று வந்தால் பெரியவர்கள் கட்டாயம் நடுவில் வர வேண்டும். சைக்கிளுக்கு வரக் கூடாது. காய் விடவும் பழம் விடவும் பிள்ளைக்கு ஒரு ராத்திரியாவது அவகாசம் தர வேண்டும்.

அந்தக் காலத்துத் தெருவைக் கும்பிடச் சொல்லவில்லை. காலனியில் இல்லாத கோடுகள் லால்குடிப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில் இருந்தன. வாய்க்காலில் ஒன்றாகக் குளித்த பிள்ளையைத் திண்ணைக்கு மேல் ஏறவிட மாட்டார்கள். அந்தப் பிள்ளையும் ஏற முயன்றதில்லை. எட்டு வயதுக்குள் யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவில் திக்கித் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். அவனை அவன் பெயரால் யாரும் கூப்பிடவில்லை. அதைத் தடுக்க வேண்டும் என்று எந்தப் பெரியவருக்கும் தோன்றவில்லை. பெண் பிள்ளைகளுக்குத் தெரு ஒரு வயதுவரைதான். நான் பெரியவளான வாரத்தோடு என் ஆட்டம் முடிந்தது. நேற்றுவரை ஓடிய தெருவை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். என் மகளுக்கு அந்தக் கதி இல்லை. திக்குவாய்ப் பிள்ளையைக் கிண்டல் செய்தால் இன்று ஒரு டீச்சராவது கேட்கிறார். இவற்றை நான் பெரிதாக மதிக்கிறேன்.

என் மகள் தலைமுறைக்கு இன்னொரு வெட்டும் விழுந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் எல்.கே.ஜி. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை மீண்டும் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. யு.கே.ஜி. என்ற வருஷமே அவளுக்குக் கைப்பேசித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கழிந்தது. பள்ளி திறந்த பிறகு, பூங்காவில் இவளும் இன்னும் சிலரும் ஒரே மணலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தனித்தனியாகக் கோட்டை கட்டியதைப் பார்த்தேன். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் சேராமல் ஆடும் இந்த நிலையை விவரித்திருக்கிறார். மிகச் சின்னக் குழந்தைகளிடம் அதிகம் காண்பது அது. எங்கள் பிள்ளைகள் ஆறு வயதில் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. பழகிப் பார்க்க யாரும் கிடைக்காமல் போன வருஷங்கள் அவை.

ஓடும் ஆட்டத்துக்குள் எப்படி நுழைவது என்பது அவளுக்குத் தெரியவில்லை. நேரே போய் "நானும் வரேன்" என்பாள். ஆடிக்கொண்டிருப்பவர்கள் "ஆள் போதும்" என்பார்கள். அழுதுகொண்டு மேலே வந்துவிடுவாள். இதற்கு வழி உண்டு. மார்த்தா புட்டலாஸ், ஜான் காட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. புதிதாக வரும் பிள்ளை தன்னைப் பற்றிப் பேசினாலோ, கேள்வி கேட்டு ஆட்டத்தை நிறுத்தினாலோ, குறை சொன்னாலோ சேர்த்துக்கொள்வதில்லை. நடப்பதைப் பார்த்து அதோடு ஒட்டிப் போகும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தெருவில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. மகளுக்குச் சொல்லித் தந்தேன். கொஞ்சம் தள்ளி நில். என்ன ஆட்டம், யார் எந்தப் பக்கம் என்று பார். பந்து வெளியே ஓடிவந்தால் எடுத்துப் போடு. ரெண்டு தடவை எடுத்துப் போட்ட பிறகு, "அந்தப் பக்கம் ஆள் கம்மியா இருக்கு, நான் நிக்கட்டா?" என்று கேள். இதை வீட்டுக்குள் தலையணையைப் பந்தாக வைத்து நடித்துப் பார்த்தோம். கீழே போய் நின்றாள், பார்த்தாள், பந்தை எடுத்துப் போட்டாள். சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் பந்துக்கே தடை வந்தது. வண்டிகள்மேல் படுகிறது, கண்ணாடி உடைகிறது என்று சங்கத்தில் பலகை வைத்தார்கள். சிறுவர் பூங்காவில் பத்து வயதுக்கு மேல் அனுமதி இல்லை என்று இன்னொரு பலகை. சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். ஐ.நா. சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது, 31ஆவது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது, இந்தியா 1992இல் அதை ஏற்றிருக்கிறது என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்தக் காகிதம் அங்கே எடுபடவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "பதினோரு வயசுப் பையன் சாயங்காலம் எங்கதான் போவான்? சொல்லிட்டுத் தடை போடுங்க" என்று கேட்டது எடுபட்டது. விருந்தினர் வண்டி நிறுத்தும் இடத்தை ஞாயிறு மாலை பிள்ளைகளுக்கு விடுவதாக முடிவானது.

அந்த ஞாயிறு மாலையை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. வாரம் தவறாமல், அதே பிள்ளைகள், அதே இடம். வேறு ஏற்பாடு எதுவும் கிடையாது. பெரியவர்கள் இரண்டு பேர் முறைபோட்டு நாற்காலி போட்டுத் தள்ளி உட்காருவோம். ரத்தம் வந்தால் எழுந்திருப்போம், மற்றபடி கிடையாது. முதல் வாரங்களில் பிள்ளைகள் எங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அடுத்து என்ன ஆட்டம் என்று நாங்கள் சொல்வோம் என்று. சலித்துப்போய் உட்கார்ந்தார்கள். அந்தச் சலிப்பை அப்படியே விட்டோம். ஒரு மாதம் போல ஆன பிறகு அவர்களாகவே ஓர் ஆட்டம் கட்டிக்கொண்டார்கள். பாதி கபடி, பாதி ஏதோ கைப்பேசி விளையாட்டின் விதி. எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவர்களுக்குள் வாய்தாவே இல்லாமல் ஓடுகிறது.

அங்கே என் மகளுக்கு நெருக்கமான ஒருத்தி கிடைத்தாள். போன ஜூனில் அவள் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை மாறியது.

ரயில்வே காலனியில் மாற்றல் எங்களுக்குப் பழக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் பெரம்பூர் போனபோது, அம்மா 15 பைசா அஞ்சலட்டைகளை மொத்தமாக வாங்கிவந்து அலமாரியில் வைத்தாள். என்ன எழுதுவது என்று விழித்தேன். "நேத்து என்ன படிச்சியோ அத எழுதுடி" என்றாள். அப்படியே எழுதினேன். 1984இல் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் பூந்தளிரும் வந்த பிறகு எங்களுக்குப் பேசப் பஞ்சமே இல்லை. அவளிடம் இருப்பதை நானும் என்னிடம் இருப்பதை அவளும் படிக்க வேண்டுமே. அந்தத் தடத்தில் போகும் தெரிந்த ரயில்வே மாமாக்கள் கையில் புத்தகக் கட்டு பெரம்பூருக்கும் பொன்மலைக்கும் போய் வந்தது.

இன்று வீடியோ அழைப்பு இருக்கிறது. நினைத்த நிமிஷத்தில் முகம் தெரிகிறது. முதல் மாதம் தினமும் பேசினார்கள். பிறகு "என்ன பண்றே?" "சும்மா." "நீ?" "சும்மாதான்." திரையில் இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து பேசியா நட்பு வளர்த்தார்கள்? சேர்ந்து ஓடினார்கள், எதையாவது கட்டினார்கள், ஒளித்துவைத்தார்கள். கையில் ஒரு வேலை இருந்தால்தான் வாயில் பேச்சு வருகிறது. அதனால் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்தேன். படக்கதை. இவள் இரண்டு பக்கம் வரைந்து அனுப்ப வேண்டும், அவள் அடுத்த இரண்டு பக்கம். கதாநாயகி இப்போது உக்கடம் குளத்துக்கு அடியில் ஒரு ரயிலைக் கண்டுபிடித்திருக்கிறாள். நோட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கோயம்புத்தூருக்கும் மேடவாக்கத்துக்கும் போய்வருகிறது. அழைப்பில் இப்போது சண்டையே நடக்கிறது. "நீ ஏன் அவளைத் தண்ணிக்குள்ள விட்டே? அவளுக்கு நீச்சல் தெரியாதுன்னு முதல் பக்கத்துலயே இருக்கு!"

அவள் அம்மாவிடம் போன வாரம் பேசினேன். "லீவுக்கு ஒரு வாரம் இங்க அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு, "அப்ப உங்க பொண்ணையும் எங்க வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பணும், சம்மதமா?" என்றார். மே முதல் வாரம் அவள் இங்கே வருகிறாள். கடைசி வாரம் இவள் அங்கே போகிறாள். ரயிலுக்கு முன்பதிவு செய்தாகிவிட்டது. சம்மர் கேம்ப் பணத்தைச் சீக்கிரம் கட்டுங்கள் என்று சிலம்ப வகுப்பிலிருந்து நினைவூட்டல் வந்தது. அந்த இரண்டு வாரமும் இவள் வர மாட்டாள் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.